முருங்கைக்கீரை ஏன் உணவு விடுதிக்கு வருவதில்லை?

தேனி நகரில் நண்பகல் வேளையில் உணவு விடுதியொன்றில் இலை போட்டு அமர்ந்தால், சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு இரண்டேனும் வந்து சேர்வதைக் காணலாம். அசைவ விடுதியாயின் கருவாட்டுக் குழம்பிலும், சில நாட்களில் ஆட்டுக்கறிக் குழம்பிலும் அக்காய் இடம் பெறும். ஆனால் அம்மரத்தின் கீரையை மட்டும் இலையில் காண்பது அரிது. தண்டுக்கீரை வரும், அரைக்கீரை வரும், முருங்கைக்கீரை வருவதில்லை. சென்ற பங்குனியில் இவ்வாறு உண்டுகொண்டிருந்தபோது பரிமாறியவரிடம் இதுபற்றிக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே சென்று சரக்கு மாஸ்டரையே அழைத்து வந்துவிட்டார். "ஐயா, கீரையைக் கொண்டுவந்து கொட்ட ஆள் இருக்கிறது, உட்கார்ந்து ஆய்வதற்கு ஆள் எங்கே இருக்கிறது? நீங்கள் ஆய்ந்து கொடுங்கள், நாளைக்கே பொரியல் போடுகிறேன்" என்றார் அவர்.

விளையாட்டாகச் சொன்ன மறுமொழிதான். எனினும் ஊர் திரும்பும் வழியெல்லாம் அது நம் நினைவை விட்டு அகலவில்லை. அதே வாரத்தில் ஆண்டிபட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில், விலை விழுந்து பறிக்கும் கூலிக்கும் கட்டாது என்று காய்கள் மரத்திலேயே முற்றித் தொங்கக் கண்டிருந்தோம். வெட்டிய கிளைகள் இலையும் தழையுமாய் வரப்பில் குவிந்து ஆடுகளுக்கு இரையாகிக் கொண்டிருந்தன. தோட்டத்தில் கீரை கேட்பாரற்றுக் கிடக்கிறது. பத்துக் கல் தொலைவில் அதனை விரும்பி உண்போர் பணம் கொடுத்தும் பெற முடியவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது ஆய்தல் என்னும் ஒரு சிறு வேலையே. அவ்வேலையைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் அறிய வேண்டியவை பற்றியும் உறுப்பினர்களுக்குச் சொல்லலாம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

நம் முன்னோர் வீட்டுப் புறக்கடையில் வைத்து வளர்த்தது மர முருங்கை. போத்து எனப்படும் பருத்த கிளையை வெட்டி நட்டால் வேர்பிடித்துப் பல்லாண்டு காய்க்கும். யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, கொடிக்கால் முருங்கை, பால் முருங்கை என்று வகைகள் பல. இன்று சந்தைக்கு வரும் காயில் பெரும்பகுதி இம்மரங்களுடையது அன்று. விதை போட்டு வளர்க்கும் செடி முருங்கையினுடையது. இம்மாற்றம் தொடங்கிய இடம் நம் மாவட்டத்துப் பெரியகுளமே ஆகும். அங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார், தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் என்னும் ஊரின் நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுத்து, ஆறு தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை செய்து நிலைநிறுத்திய வகையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பெரியகுளம் என்னும் பெயரின் எழுத்துகளைக் கொண்டே அதற்குப் பி.கே.எம். 1 என்று பெயரிட்டனர். விதைத்த நூறு நாட்களுக்குள் பூக்கும். ஆறு மாதத்திற்குள் காய் பறிக்கலாம். மரமொன்று ஆண்டுக்கு இருநூறு காய்களுக்கு மேல் தரும். காயின் நீளம் 65 முதல் 70 சென்டிமீட்டர் வரை இருக்கும். நன்கு பேணினால் ஒரு எக்டேரில் ஐம்பது டன் வரை விளையும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இன்று முருங்கை பயிரிடுவோர் கேட்டு வாங்குவது இவ்விதையையே. பெரியகுளம் எங்கே உள்ளது என்று அறியாத உழவர் பலர், அவ்வூர்ப் பெயரின் எழுத்துகளைச் சொல்லி விதை கேட்கிறார்கள்!

இதன் சுவையைப் பற்றி மட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சமாதானம் அடையவில்லை. "பழைய மரத்துக் காயின் சதையும் மணமும் இதற்கு ஏது?" என்பார்கள். அதில் உண்மை உண்டு என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் ஒரே நீளமாய்க் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றத் தக்க காய் இதுதான். சந்தை சுவையை மட்டும் பார்த்து விலை கொடுப்பதில்லை.

விளைச்சல் பெருகியதன் மறுபக்கத்தையும் உறுப்பினர்கள் நேரில் அறிவார்கள். பங்குனி முதல் ஆனி வரை எல்லாத் தோட்டமும் ஒரே காலத்தில் காய்க்கின்றன. அப்போது கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே இறங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் மழையும் பனியும் பூவை உதிர்த்துவிடுகின்றன. அப்போது கிலோ முந்நூறு ரூபாயைக் கடந்த ஆண்டுகளும் உண்டு. ஆனால் விற்பதற்கு நம்மிடம் காய் இராது. காயை மட்டும் நம்பிய தோட்டத்தின் கணக்கு இவ்வளவே. கீரைக்கோ இத்தகைய பருவத் தட்டுப்பாடு இல்லை. வெட்டிவிட்டால் முப்பத்தைந்து, நாற்பது நாட்களில் மீண்டும் தழைத்துவிடும்.

"ஒடித்து வளர்க்காத முருங்கை உருப்படாது" என்னும் முதுமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அதனோடு பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்வார்கள், அப்பகுதியை விட்டுவிடலாம். முருங்கையைப் பொறுத்தமட்டில் அது முற்றிலும் சரியான வேளாண் அறிவுரையே. கன்று முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தார் கூறுவதும் அதுவே. நுனி இருக்கும் வரை பக்கக் கிளைகளை அது அடக்கி வைத்திருக்கும். கிள்ளினால் பக்கமெல்லாம் கிளைக்கும். கிளை பெருகினால் பூவும் காயும் பெருகும். ஓராண்டுக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் மரத்தை வெட்டி மறுதாம்பு விடுகிறோம். ஆடுகளுக்குப் போகும் தழை பெரும்பாலும் அவ்வாறு வெட்டியதே.

இனி அடுக்களைக்குள் செல்வோம். முருங்கையை நம் இல்லத்தரசியர் கையாளும் முறைகளில், எழுதி வைக்காத அறிவு மிகுதியும் அடங்கியுள்ளது. காயை எடுத்துக்கொள்வோம். குழம்பில் காய் வேகவில்லை என்றால் மாமியார் கேட்கும் முதற்கேள்வி, "புளியை முன்னாலேயே விட்டுவிட்டாயா?" என்பதுதான். காயின் திசுக்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பொருள் புளிப்பில் எளிதில் கரையாது. ஆதலால் உப்பு நீரிலோ பருப்பு நீரிலோ முக்கால் பங்கு வெந்தபின் புளி விடுவதே முறை. விடுதிச் சாம்பாரில் காய் நாராகப் பிரிந்து கிடப்பதன் காரணம் இதற்கு எதிரானது. காலையில் வைத்த சாம்பாரைப் பிற்பகல் வரை அடுப்பில் வைத்துச் சுட வைத்துக்கொண்டே இருப்பதால் சதை கரைந்து நார் மட்டும் எஞ்சுகிறது.

நம் பகுதியில் முருங்கைக்காய்க்குச் சிறந்த துணை மொச்சைதான் என்பது நமது துணிபு. ஊற வைத்த மொச்சை, கத்தரிக்காய், முருங்கைக்காய் மூன்றும் சேர்ந்த கருவாட்டுக் குழம்பை, முந்தின நாள் வைத்து மறுநாள் சோளச் சோற்றோடு உண்டவர்கள் வேறு விருந்தைத் தேட மாட்டார்கள். உத்தமபாளையம், கம்பம் பகுதி இராவுத்தர் இல்லங்களில் நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் துணையாகும் தாளிச்சாவிலும், எலும்பும் பருப்பும் கத்தரிக்காயும் கூடிய கொதியில் முருங்கைக்காயைச் சேர்ப்பதுண்டு. எலும்பின் சாறு ஏறிய அக்காய்த் துண்டுக்காகச் சிறுவர்கள் போட்டியிடுவார்கள்.

பூவைச் சிறு வெங்காயத்தோடும் பாசிப்பருப்போடும் வதக்கி உண்ணலாம். பூவைப் பறித்தால் காய் குறையுமே என்று சம்சாரி முகம் சுளிப்பார். தானே உதிரும் பூ ஏராளம், மரத்தடியில் விடியற்காலையில் துணி விரித்து வைத்தால் போதும். வேரை மட்டும் யாரும் தொடவேண்டாம். வெள்ளைக்காரத் துரைமார் ஒரு காலத்தில் தங்கள் நாட்டுக் காரக் கிழங்கு ஒன்றிற்கு மாற்றாக முருங்கை வேரைத் துருவி உண்டதுண்டு. அதில் நச்சுப் பொருள் இருப்பதால் அவ்வழக்கத்தை நாம் மேற்கொள்ள வேண்டுவதில்லை.

கீரைக்கு வருவோம். வெண்ணெய் உருக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போடுவது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அது மணத்திற்காக மட்டும் அன்று. வெண்ணெயில் நீர் இருக்கும் வரை கீரை சடசடவென்று ஓசையிடும்; ஓசை அடங்கி இலை மொறுமொறுப்பானால் நீர் வற்றிவிட்டது என்று பொருள்; உடனே இறக்க வேண்டும். நீர் எஞ்சிய நெய் விரைவில் கெடும். காலம் தாழ்த்தினால் நெய் கருகும். கடிகாரம் இல்லாத அடுக்களையில் கீரைதான் கடிகாரம். அடியில் தங்கிய மொறுமொறுப்பான இலையைச் சோற்றில் பிசைந்து உண்ணும் உரிமை வீட்டின் கடைக்குட்டிக்கு உரியது.

கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் சிறு வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தட்டும் அடை, மாலைச் சிற்றுண்டியாகப் பல வீடுகளில் இன்றும் நிலைத்திருக்கிறது. கீரையை வதக்கி முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுவது மற்றொன்று. கைமுறை எதுவாயினும் நினைவிற் கொள்ளத் தக்கவை சில. சட்டியை மூடாமல் வதக்கினால் பசுமை மாறாது. மூடினால் கீரையிலிருந்து எழும் புளிப்பாவி உள்ளேயே தங்கி நிறத்தைக் கெடுக்கும். நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் சத்தையும் கொட்டியவர்களாவோம். சிறிது எண்ணெயேனும் வேண்டும். கண்ணுக்கு நலம் தரும் கரோட்டின் சத்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடலில் சேரும்.

இரவில் முருங்கைக்கீரை உண்ணலாகாது என்பதற்குப் பெரியவர்கள் செரிமானத்தைக் காரணம் காட்டுவார்கள். மழைக்காலத்தில் மரத்தையே மூடிக்கொள்ளும் கம்பளிப்பூச்சியைச் சிம்னி விளக்கொளியில் கண்டு நீக்க முடியாது என்பதும் காரணமாயிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. வேதாளம் முருங்கை மரத்தில் ஏறிய கதையைச் சொல்லிக் குழந்தைகளை அம்மரத்தருகே செல்லவிடாமல் தடுத்ததற்கும் அப்பூச்சியின் சுணையே காரணமோ, என்னவோ! மலைக்கு அப்பால் கேரளத்திலும் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், முருங்கையிலையை விலக்கும் வழக்கம் உண்டு. அது கொட்டும் மழைக்காலம் என்பது கவனிக்கத் தக்கது.

சத்துப் பற்றிய செய்திகளில் உறுப்பினர்கள் சற்று எச்சரிக்கையாக இருத்தல் நலம். ஆரஞ்சுப் பழத்தினும் ஏழு மடங்கு வைட்டமின் சி, பசலைக்கீரையினும் இருபத்தைந்து மடங்கு இரும்பு என்றெல்லாம் முருங்கைத் தூள் விற்போர் அச்சிட்டுத் தருகின்றனர். முதற்கூற்று, பறித்த பச்சையிலையைப் பற்றியது. உலர்த்தும்போதும் சமைக்கும்போதும் அச்சத்தின் பெரும்பகுதி அழிந்துவிடும். இரண்டாவது, நீர் முழுதும் வற்றிய தூளை, நீர் நிறைந்த பச்சைக்கீரையோடு ஒப்பிட்டுச் சொல்வது. இது உலர்ந்த மிளகாயைப் பச்சை மிளகாயோடு ஒரே தராசில் வைப்பதைப் போன்றது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் பச்சை முருங்கைக்கீரையில் ஆறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும், முந்நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்தும், ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் இரும்பும் உள்ளன. அதே நிறுவனத்தின் பழைய அட்டவணையில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகவே காட்டப்பட்டிருந்தது. மண்ணும் வகையும் இலையின் முதிர்ச்சியும் அளக்கும் முறையும் மாறினால் எண்ணும் மாறும். ஆதலால் மடங்குக் கணக்கை நம்பி எவரும் மயங்க வேண்டாம்.

மடங்குக் கணக்கு பொய்த்தாலும் கீரையின் தேவை பொய்க்கவில்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நம் சங்கத்து நெசவாளர் குடும்பங்களில், காலை முதல் இருட்டும் வரை தார் சுற்றி, பாவுக்கு உதவி, இடையே தேநீரைக் குடித்தே பசியை அடக்கும் தாய்மார்களை இவ்வெண் நினைவூட்டுகிறது. பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்துள்ளது. நூறு கிராம் கீரை நாலரை மில்லிகிராம் தருமென்றால், கீரை மட்டுமே நோயைப் போக்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிட்டுக் கீரையை நம்புவது தவறு. மாத்திரையோடு கீரையும் வேண்டும். அக்கீரையிலுள்ள இரும்பும் எளிதில் உடலில் சேர்வதன்று. இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அது சேர்வதற்குத் துணை செய்யும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ அருந்தினால் தடை செய்யும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் கடத்துவது செலவில்லாத மருத்துவம்.

தூளைப் பற்றி இன்னும் ஒரு சொல். பச்சையிலையில் நான்கில் மூன்று பங்கு நீர்தான். நான்கு கிலோ உருவிய கீரை சிந்தாமல் சிதறாமல் உலர்ந்தால் ஒரு கிலோ தூள் கிட்டும். தேக்கரண்டித் தூள் மூன்று கிராம் என்று கொண்டால் அது பன்னிரண்டு கிராம் பச்சைக்கீரைக்குச் சமம். பொரியலில் ஒரு கவளமே அவ்வளவு இருக்கும். நகரத்தில் மரம் இல்லாதவர்களுக்குத் தூள் வேண்டும். புறக்கடையில் மரம் நிற்கும் வீட்டினர் அதை விலை கொடுத்து வாங்குவதைக் காணும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது.

உலகில் முருங்கையை உண்போர் நாம் மட்டும் அல்லர். ஆனால் காயைப் போற்றுவதில் நம்மை மிஞ்சியவர் இலர். பிறர் பெரும்பாலும் இலையைப் போற்றுவோரே. பிலிப்பைன் நாட்டில் கோழிச் சாற்றில் இக்கீரையைப் போட்டுப் பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்தார் நண்டுக் குழம்பை இறக்கும் முன் ஒரு கைப்பிடி முருங்கையிலையை இடுவர். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் வேகவைத்த இலையில் நிலக்கடலைப் பிண்ணாக்கைப் பொடித்துக் கலந்து தெருவோரங்களில் விற்கிறார்கள். நம் வீடுகளில் கீரைப் பொரியலில் கடலைப் பொடி தூவுவதன் உடன்பிறப்பு அது.

இவ்வாறு வெளிநாடுகளில் தேவை வளர்ந்ததால் இலைத் தூள் ஏற்றுமதிப் பொருளாயிற்று. தமிழ்நாட்டரசு சில ஆண்டுகளுக்கு முன் ஏழு மாவட்டங்களை முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்தபோது தேனியும் அவற்றுள் ஒன்றாயிற்று. அதில் இறங்க விரும்பும் உறுப்பினர்கள் முதலில் அறிய வேண்டியது, அது வரப்பில் கிடக்கும் தழையைப் பொறுக்கிப் பொடிக்கும் தொழில் அன்று என்பதே. கீரைக்கென்று நெருக்கமாக நட்டுத் தனியே வளர்க்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் நிறமும் கரோட்டினும் போய்விடும். நிழலில், காற்றோட்டத்தில், தரையில் படாமல் தட்டுகளில் உலர்த்த வேண்டும். கழுவும் நீர் தூயதாயிருக்க வேண்டும். கோழியும் பல்லியும் நடமாடும் களத்தில் உலர்ந்த தூள் எவ்வளவு பசுமையாயிருப்பினும் அது உணவாகாது. 2025-இல் அமெரிக்காவில் இந்தியாவிலிருந்து சென்ற முருங்கையிலைத் தூளால் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி பரவி மக்கள் நோயுற்றனர். தூள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அது நம் மாவட்டத்துச் சரக்கு அன்று. ஆயினும் இத்தகைய ஒரு நிகழ்ச்சிக்குப்பின் வாங்குவோர் எல்லாருடைய சரக்கையும் ஐயுறுவார்கள். சோதனைக்கூடச் சான்றும் உலர்த்தும் கூடமும் இல்லாமல் தனியொருவர் இதில் முதல் போடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

அமெரிக்காவுக்குப் போகும் முன் ஆண்டிபட்டிப் பேருந்து நிலையம் வரை போய்ப் பார்க்கலாமே என்பதுதான் நம் எண்ணம். சரக்கு மாஸ்டரின் சொல்லை நம் வீட்டில் சோதித்துப் பார்த்தோம். ஒரு வேளைப் பொரியலுக்கு வேண்டிய கீரையைக் கொத்திலிருந்து உருவி, காம்பு நீக்கி ஆய்வதற்கு ஒருவருக்கு முக்கால் மணி நேரம் சென்றது. அதே அளவு கீரையை முந்தின இரவு கொத்தாகவே, ஈரமில்லாத பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றி வைத்தோம். காலையில் பிரித்து உதறியபோது சிற்றிலைகள் தாமே கழன்று கொட்டின. எஞ்சிய காம்புகளைப் பொறுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இது புதிதாகக் கண்டது அன்று, சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறி ஓசைக்கிடையே சமையல் செய்யும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். நெசவாளர் வீட்டில் துணிக்குப் பஞ்சமா, என்ன!

காம்பு நீக்குவதில் மட்டும் சலுகை காட்டலாகாது. மெல்லிய காம்புதான் தொண்டையில் சிக்கி, உண்பவரை மறுமுறை கேட்கவிடாமல் செய்கிறது. ஆய்ந்த கீரை ஒரு நாளைக்கு மேல் தாங்காது. மறுநாள் மஞ்சளாகும், கசப்பேறும். ஆதலால் இரவு சுற்றி, விடியலில் உதிர்த்து, காலை எட்டு மணிக்குள் விடுதியின் பின்வாசலில் சேர்க்க வேண்டும். நூறு பேர் உண்ணும் விடுதிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மாஸ்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டியில் மலையாய்ப் போட்ட கீரை வதங்கியதும் ஒரு பிடியாய்ச் சுருங்குவதை வீட்டில் கண்டிருக்கிறோம்.

எந்த மரத்துக் கீரை என்பது இதனினும் இன்றியமையாத கேள்வி. காய்க்காகப் பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துத் தழையை, விலை எவ்வளவு கிடைப்பினும், உணவுக்குக் கொடுக்கலாகாது. பழ ஈ தாக்கிப் பிசின் வடியும் காய்களைக் கண்டு மருந்தடித்தவர் அத்தோட்டத்துக் கீரையைத் தம் வீட்டுக்கும் எடுக்கக் கூடாது. வரப்பில் ஒரு வரிசை மரங்களைக் கீரைக்கென்றே ஒதுக்கி மருந்து படாமல் காப்பது ஒரு வழி. ஆனால் அதைவிட எளிய வழி நம் கண்முன் நிற்கிறது. நெசவாளர் வீடுகளின் புறக்கடையில் ஒன்றும் இரண்டுமாய் நிற்கும் மர முருங்கைகளுக்கு யாரும் மருந்து தெளிப்பதில்லை. அவற்றை முறைவைத்து வெட்டினால், ஐம்பது வீடுகள் சேர்ந்த தெரு ஆண்டு முழுவதும் கீரை கொடுக்கும். புதிய மரம் வைப்பவர்கள் போத்து நடுவதே நலம். தம் தோட்டத்து விதையை எடுத்துப் போட்டால், தேனீயும் வண்டும் எங்கிருந்தோ கொணர்ந்த மகரந்தத்தால் தாயைப் போல் பிள்ளை இராது.

ஆய்வோருக்குக் கூலி எவ்வளவு என்பதை முதலிலேயே உறுதி செய்ய வேண்டும் என்பது நம் வற்புறுத்தல். வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கும் நேரத்தில் செய்துவிடுவார்கள் என்று நிர்வாகக் குழுவில் யாரேனும் சொல்லக்கூடும். தார் சுற்றுவதையும் அப்படித்தான் நெடுங்காலம் சொல்லி வந்தோம்; நெய்தவரின் கூலிக்குள் சுற்றியவரின் உழைப்பு மறைந்துபோயிற்று. கீரையில் அத்தவறு நேரவேண்டாம். எடை போட்டு, ஆய்ந்தவர் பெயரிலேயே பற்று எழுதி, பதினைந்து நாளுக்கொருமுறை பட்டுவாடா செய்ய வேண்டும்.

சென்ற வாரம் மீண்டும் அவ்விடுதிக்குச் சென்றோம். வீட்டில் துணியில் சுற்றி உதிர்த்த கீரை இரண்டு கிலோவைக் கையோடு எடுத்துச் சென்றிருந்தோம். சரக்கு மாஸ்டர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி, காம்பு இருக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தேங்காய் துருவச் சொன்னார். அன்று பன்னிரண்டரை மணிக்கு வைத்த கீரைப் பொரியல் ஒன்றரை மணிக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் எத்தனை கிலோ தர முடியும் என்று இப்போது கேட்கிறார். அக்கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் உறுப்பினர்களே.